கடைமடை நெல்லுக்கு எந்த மரபணுக் கடத்தி?

வேதாரண்யம், தலைஞாயிறு, முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடைமடை வயல்களுக்கு உப்பைத் தாங்கும் நெல் வேண்டும். உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் டெல்டா மாணவர்கள் பலர் இதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்துக்கொண்டு வருகிறார்கள். எந்த மரபணு என்பதை ஆய்விதழ்களைப் புரட்டிப் பார்த்து நிதானமாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். அதை நெல்லின் செல்லுக்குள் கொண்டுசெல்லும் கடத்தி என்று வரும்போது மட்டும், ஆய்வகத்தின் உறைபெட்டியில் எது இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். அந்த நெல் என்றாவது வயலுக்குப் போகுமா, கண்ணாடிக் கூண்டிலேயே நின்றுவிடுமா என்பது பெரும்பாலும் அந்த இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

என் தேர்வை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் விதையை விட்டு முழுமையாக வெளியேறிவிடும் மரபணுத் திருத்தக் கடத்தியைத்தான் நான் எடுப்பேன். அதையும் ஆய்வகத்துக்கு வசதியான ஜப்பானிய ரகத்தில் செலுத்தாமல், நம் உழவர் நடும் ரகத்திலேயே செலுத்துவேன். மற்ற வழிகளுக்கும் வலுவான நியாயங்கள் உண்டு. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தால்தான் இந்தத் தேர்வின் காரணம் விளங்கும்.

முதலில் வயலின் கணக்கு. மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடப்படுகிறது. திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வது எப்போதும் தாமதம். மூடும்போது முதலில் வறள்வதும் கடைமடைதான். ஆற்றுநீர் நின்றதும் கீழிருக்கும் உவர் நீர் மேலேறுகிறது. வயல் காயக் காய வரப்போரம் உப்புப் பூக்கிறது. மண் சாற்றின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ் என்ற அளவைத் தாண்டினால் நெல்லின் மகசூல் குறையத் தொடங்கும். அதற்குமேல் ஒவ்வொரு டெசிசீமன்ஸுக்கும் ஏறக்குறைய 12 சதவீதம் குறையும் என்பது நெடுநாளாகப் பயன்பாட்டில் உள்ள கணக்கு. நெல் இரண்டு பருவங்களில் உப்புக்கு மிகவும் அஞ்சும்: நாற்றுப் பருவம் ஒன்று, பூக்கும் பருவம் மற்றொன்று. பிந்தி நட்ட சம்பாவும் தாளடியும் பூத்துப் பால் பிடிக்கும் நேரத்தில் தண்ணீர் நின்றுபோனால் கதிர் சாவியாகிவிடும். ஆகவே தட்டில் ஒரு வாரம் உப்புக் கரைசலில் நின்று பிழைத்த நாற்றைக் காட்டி, கடைமடைக்கு விடை கிடைத்துவிட்டது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அடுத்தது விதையின் கணக்கு. நெல் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒரு முறை வாங்கிய விதையை உழவர் ஆண்டுக்கணக்கில் எடுத்து வைத்து விதைக்கலாம், பக்கத்து ஊருக்கும் கொடுக்கலாம். திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் 2 கிலோ பாரம்பரிய விதை வாங்கிச் செல்பவர் மறு ஆண்டு 4 கிலோவாகத் திருப்பித் தர வேண்டும் என்பது ஏற்பாடு. அப்படித்தான் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் ஊர் ஊராகப் பரவின. எடுத்து வைக்கவும் பரிமாறவும் விற்கவும் உழவருக்கு உள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டமும் ஏற்கிறது. இப்படிக் கைமாறும் விதைக்குள் நாம் எதை வைத்து அனுப்புகிறோமோ, அதைப் பிறகு யாராலும் திரும்ப அழைக்க முடியாது. எந்தக் கடத்தியைப் பார்த்தாலும், கடைசியில் விதைக்குள் என்ன மிஞ்சும் என்பதையே நான் முதலில் கேட்கிறேன்.

பழகிய பாதை: இருபகுதிக் கடத்தி

பயிர்களில் மரபணுவைச் செலுத்தும் கலையின் வேர் ஒரு மண் பாக்டீரியாவில் இருக்கிறது. அக்ரோபாக்டீரியம் டியூமிபேசியன்ஸ் என்ற அந்த நுண்ணுயிர், தன்னிடமுள்ள டிஐ பிளாஸ்மிட் என்ற வட்ட வடிவ டிஎன்ஏவின் ஒரு துண்டைத் தாவரத்தின் குரோமோசோமுக்குள் செருகிக் கழலைக் கட்டியை உண்டாக்கும். அந்தத் துண்டுதான் டி-டிஎன்ஏ. அது தாவரத்துக்குள் போய்ச் சேர்கிறது என்பதை மேரி-டெல் சில்டன் குழுவினர் 1977-ல் காட்டினார்கள். 1983-ல் கட்டியை உண்டாக்கும் மரபணுக்களை நீக்கிவிட்டு, வேறு மரபணுவை வைத்துச் செடியை உருவாக்க முடிந்தது. கடத்தும் வேலையைச் செய்யும் விர் மரபணுக்களை ஒரு பிளாஸ்மிட்டிலும், கடத்தப்பட வேண்டிய டி-டிஎன்ஏவை மற்றொரு சிறிய பிளாஸ்மிட்டிலும் பிரித்து வைத்தாலும் வேலை நடக்கும் என்பதும் அதே ஆண்டு தெரிந்தது. இன்று எல்லா ஆய்வகங்களிலும் இருக்கும் இருபகுதிக் கடத்தி அப்படிப் பிறந்ததுதான். ஆஸ்திரேலியாவில் உருவான பிகாம்பியா வரிசைதான் நம் நாட்டு உறைபெட்டிகளில் அதிகம்.

இந்த வழியில் உப்புக்கு ஒரு திட்டம் என்றால் அதன் வடிவம் இப்படி இருக்கும். உப்பு நீரில் வாழும் செடியிலிருந்து ஒரு மரபணு. அதை நெல்லில் எந்நேரமும் இயங்கவைக்க ஓர் ஊக்குவிப்பான். மாறிய செல்லை அடையாளம் காண ஒரு தேர்வுக்குறி மரபணு. சென்னையில் உள்ள எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அவிசென்னியா மெரினா என்ற அலையாத்தி இனத்தின் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் மரபணுவைப் பூசா பாஸ்மதி-1 நெல்லில் செலுத்தி, அது உப்பைக் கூடுதலாகத் தாங்குவதை 2008-ல் வெளியிட்டார்கள். அவிசென்னியா நமக்கு அந்நியமான மரம் இல்லை. முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகில் போனால் இரு கரையிலும் நிற்பது அதுதான். கடலோரம் நிற்கும் மரத்தின் திறனை வரப்புக்கு அந்தப் பக்கம் நிற்கும் பயிருக்குக் கொடுப்பது என்ற எண்ணமே என்னை இந்தத் துறையின் பக்கம் ஈர்த்தது. அதன்மேல் எனக்கு இன்னும் மதிப்பு குறையவில்லை.

வடிவமைப்பில் கவனிக்க வேண்டியவை இங்கே நிறைய. டி-டிஎன்ஏவின் இரு முனைகளிலும் 25 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள எல்லைத் தொடர்கள் உண்டு. கடத்தல் வலது எல்லையில் தொடங்கி இடது எல்லையை நோக்கிப் போகிறது. நடுவில் அறுந்தால் இழப்பது இடப்பக்கம்தான். ஆகவே பயன் தரும் மரபணுவை வலது எல்லைக்கு அருகிலும், தேர்வுக்குறியை இடது எல்லைக்கு அருகிலும் வைக்க வேண்டும். அப்போதுதான் தேர்வில் தப்பிப் பிழைத்த செல்லில் இரண்டும் முழுமையாக இருக்க வாய்ப்பு அதிகம். இடது எல்லையில் நிற்காமல் கடத்தியின் பின்பகுதியும் சேர்ந்து உள்ளே போய்விடுவது அடிக்கடி நடக்கும். இடது எல்லைத் தொடரையே இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து வைத்தால் இது வெகுவாகக் குறைகிறது. செலவில்லாத இந்த ஏற்பாட்டைப் பலர் செய்வதில்லை.

புகையிலைக்கு ஏற்றதெல்லாம் நெல்லுக்கு ஏற்றதாகாது. காலிபிளவர் மொசைக் வைரஸின் 35எஸ் ஊக்குவிப்பான் இருவித்திலைத் தாவரங்களில் வலுவாக இயங்கும். நெல்லில் அதைவிட மக்காச்சோள யூபிகுட்டின் ஊக்குவிப்பானும் நெல்லின் ஆக்டின் ஊக்குவிப்பானும் மேல். கனமைசின் என்ற நுண்ணுயிர் மருந்தை நெல் இயல்பாகவே ஓரளவு தாங்கிவிடுவதால், அதைக் கொண்டு தேர்வு செய்தால் மாறாத திசுவும் பச்சையாக நின்று ஏமாற்றும். நெல்லுக்கு ஹைக்ரோமைசின்தான் நம்பகமானது.

அந்தத் தேர்வு எப்படி நடக்கிறது என்பதைத் தட்டில் பார்ப்பது ஒரு பாடம். முற்றிய நெல் விதையின் கருத்தட்டுப் பகுதியிலிருந்து எழும் காலஸ் என்ற உருவமற்ற செல் திரளைப் பாக்டீரியாவோடு மூன்று நாள் வைத்துவிட்டு, பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தும் லிட்டருக்கு 50 மில்லிகிராம் ஹைக்ரோமைசினும் கலந்த ஊடகத்துக்கு மாற்றுவோம். இரண்டு வாரத்தில் தட்டு முழுவதும் பழுப்பேறும். எல்லாம் போயிற்று என்று தோன்றும் அந்தக் கட்டத்தில், கருகிய ஓர் உருண்டையின் ஓரத்தில் கடுகளவுக்குப் பால் வெள்ளையாய், உலர்ந்த பளபளப்போடு ஒரு புது மொட்டு கிளம்பும். அதுதான் மாறிய செல்லின் வம்சம். ஈரமாய், சளிபோல் வழவழவென்று வளர்வது செடியாகாது. அதை விட்டுவிட வேண்டும்.

பழகிய பாதையின் பலம் அதன் உறுதி. எந்தக் குணத்தையும், எந்த உயிரிலிருந்தும் கொண்டுவரலாம். அதன் பலவீனம், எல்லாமே விதையில் மிஞ்சுவது: அயல் மரபணு, அயல் ஊக்குவிப்பான், ஹைக்ரோமைசினை எதிர்க்கும் மரபணு. மருத்துவமனைகளில் மனிதருக்கு ஹைக்ரோமைசின் கொடுப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் தன் தட்டில் விழும் சோற்றில் நுண்ணுயிர் மருந்தை எதிர்க்கும் மரபணு ஏன் இருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், ஆய்வகத்துக்கு வசதியாக இருந்தது என்பதைத் தவிர நம்மிடம் வேறு பதில் இல்லை.

சட்டத்தின் பாதையும் நீளம். 1989-ஆம் ஆண்டு விதிகளின்படி நிறுவனத்தின் உயிரிப் பாதுகாப்புக் குழு, மத்திய அரசின் மரபணு மாற்ற ஆய்வுக் குழு, மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு என்று படிப்படியாகப் போக வேண்டும். களச் சோதனைக்கு மாநில அரசின் தடையின்மைச் சான்றும் வேண்டும். 2002-ல் வந்த பிடி பருத்திக்குப் பிறகு இந்தியாவில் வேறு எந்த மரபணு மாற்றப் பயிரும் உழவரின் வழக்கமான சாகுபடிக்கு வரவில்லை. பிடி கத்தரிக்காய் 2010 பிப்ரவரியில் நிறுத்திவைக்கப்பட்டது. டிஎம்எச்-11 கடுகுக்கு 2022 அக்டோபரில் நிபந்தனையோடு அனுமதி கிடைத்தது. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் இருவரும் அதில் மாறுபட்ட தீர்ப்பளித்தார்கள். அந்தக் கடுகை எதிர்த்து எழுந்த கேள்விகளில் பல, களைக்கொல்லியைத் தாங்கும் பார் மரபணுவைச் சுற்றியே இருந்தன. கடத்திக்குள் எதை வைப்பது என்ற முடிவு நீதிமன்றம் வரை போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

குறியை மட்டும் கழற்றும் வழிகள்

தேர்வுக்குறிதான் உறுத்துகிறது என்றால் அதை மட்டும் நீக்கலாம். அதற்கு எனக்குப் பிடித்த வழி இரட்டை டி-டிஎன்ஏ. ஒரே பிளாஸ்மிட்டில் இரண்டு தனித்தனி டி-டிஎன்ஏக்கள்: ஒன்றில் பயன் தரும் மரபணு, மற்றதில் தேர்வுக்குறி. இரண்டும் வெவ்வேறு குரோமோசோம்களில் போய் அமர்ந்த செடிகளின் அடுத்த தலைமுறையில், மெண்டல் கணக்குப்படி குறி இல்லாமல் மரபணு மட்டும் உள்ள நாற்றுகள் பிரிந்து வரும். ஜப்பானில் கோமாரி என்ற ஆய்வாளரின் குழுவினர் 1996-ல் புகையிலையிலும் நெல்லிலும் இதைச் செய்து காட்டினார்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஒட்டி அமர்ந்துவிட்டால் பிரியாது என்பதால் தொடக்கத்தில் கூடுதல் செடிகளை உருவாக்க வேண்டும். நம் ரகங்களில் ஒவ்வொரு செடியும் பெரும்பாடுபட்டுக் கிடைப்பதால் இந்தச் சுமை சிறியதல்ல.

கிரே என்ற நொதியும் லாக்ஸ் என்ற குறித்தொடரும் கொண்டு குறியை வெட்டி எடுப்பது மற்றொரு முறை. ஒரு லாக்ஸ் தொடர் தழும்பாக மிஞ்சும். கோல்டன் ரைஸின் இரண்டாம் வடிவத்தில் செய்ததுபோல, நுண்ணுயிர் மருந்தே வேண்டாம் என்று மானோஸ் சர்க்கரையைக் கொண்டு தேர்வு செய்யும் பிஎம்ஐ மரபணுவை வைக்கலாம். நாகரிகமான வழி. ஆனால் நெல்லில் இதைச் சரியான அளவில் நிறுத்துவதற்குப் பழக்கம் வேண்டும். அளவு கூடினால் எல்லாம் சாகும், குறைந்தால் எல்லாம் பிழைக்கும்.

இவை எல்லாமே உறுத்தலைப் பாதியாகக் குறைக்கின்றன. அயல் மரபணு விதையில் இருக்கத்தான் செய்கிறது. சட்டத்தின் பாதை ஒரு முழம்கூடக் குறைவதில்லை. நெல்லின் மரபணுக்களில் எங்குமே இல்லாத ஒரு குணம் வேண்டும் என்றால் இதுதான் சரியான வழி. உப்புத் தாங்குதல் அப்படிப்பட்ட குணம் இல்லை.

மரபணுத் துப்பாக்கியை இந்த வேலைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். தங்கத் துகளில் டிஎன்ஏவைப் பூசிச் சுடும்போது ஒரே செல்லில் பல பிரதிகள், உடைந்தும் திரும்பியும் அமர்ந்துவிடுகின்றன; அவற்றில் பல பிறகு தாமாகவே அடங்கிப்போகின்றன. பசுங்கணிகத்துக்குள் மரபணுவை வைத்தால் மகரந்தம் வழியே பரவாது என்பது அழகான யோசனை, புகையிலையில் 1990-லேயே அது கைகூடியது. ஆனால் ஒரு செல்லில் உள்ள எல்லாப் பசுங்கணிகப் பிரதிகளையும் நெல்லில் மாற்றி முடிப்பது இன்னும் பெரும் சிரமம்.

வெளியேறும் கடத்தி

கிரிஸ்பர் முறையில் கடத்தியின் பொருளே மாறிவிடுகிறது. அது சுமந்து போவது, விதையில் தங்க வேண்டிய மரபணுவை அல்ல. நெல்லின் சொந்த மரபணு ஒன்றைக் குறித்த இடத்தில் வெட்டும் காஸ்9 புரதத்துக்கான மரபணுவையும், இடத்தைக் காட்டும் 20 எழுத்து வழிகாட்டி ஆர்என்ஏவையும் அது சுமக்கிறது. வெட்டிய இடத்தைச் செல் தானே ஒட்டும்போது ஓரிரு எழுத்துகள் கூடும், குறையும். அந்த மாற்றம் நிலைத்தபின், கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரித்துவிடுவதுபோல, காஸ்9 இருக்கும் டி-டிஎன்ஏ முழுவதையும் அடுத்த தலைமுறையில் கழித்துவிடலாம்.

இதற்கு முன்மாதிரி கண்ணெதிரே இருக்கிறது. 2025 மே 4-ல் மத்திய அரசு மரபணு திருத்தப்பட்ட இரண்டு நெல் ரகங்களை வெளியிட்டது. பூசா டிஎஸ்டி ரைஸ் 1 என்பது எம்டியு 1010 ரகத்தில் டிஎஸ்டி என்ற மரபணுவை முடக்கியதால் வந்தது. வறட்சியையும் உப்பையும் தாங்கும் திறனுக்குக் கடிவாளமாக இருந்த மரபணு அது. டிஆர்ஆர் தான் 100, அதாவது கமலா, சம்பா மசூரியில் சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஊக்கியைச் சிதைக்கும் மரபணுவைத் திருத்திக் கதிரில் மணிகளைக் கூட்டியது. அந்தச் சம்பா மசூரிதான் பிபிடி 5204. நம் ஊர் உழவர் ஆந்திரா பொன்னி என்று அழைக்கும் அதே நெல். இப்படி அயல் டிஎன்ஏ எதுவும் மிஞ்சாத திருத்தங்களுக்கு, 1989 விதிகளின் 7 முதல் 11 வரையிலான பிரிவுகளிலிருந்து 2022 மார்ச் 30-ஆம் தேதி ஆணை விலக்கு அளிக்கிறது. அயல் டிஎன்ஏ முற்றிலும் நீங்கிவிட்டது என்று நிரூபிக்கும் வரை விலக்கு கிடையாது. கடத்தி சுத்தமாக வெளியேறுகிறதா என்பது நம் மனநிறைவுக்கான விஷயம் மட்டும் இல்லை, சட்டத்தின் நுழைவாயிலும் அதுதான்.

உப்புக்காகக் குறிவைக்க இன்னொரு மரபணுவும் இருக்கிறது. ஓஎஸ்ஆர்ஆர்22 என்ற மரபணுவைக் காஸ்9 கொண்டு முடக்கிய நெல் உப்பைக் கூடுதலாகத் தாங்குவதாகவும், சாதாரண நிலையில் அதன் மற்ற வேளாண் குணங்கள் பெரிதாக மாறவில்லை என்றும் 2019-ல் சீன ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். டிஎஸ்டி, ஓஎஸ்ஆர்ஆர்22 இரண்டையும் ஒரே கடத்தியில் குறிவைக்கலாம். வழிகாட்டி ஆர்என்ஏக்களுக்கு நடுவே டிஆர்என்ஏ தொடர்களை வைத்தால், ஒரே நெல் யூ3 ஊக்குவிப்பானிலிருந்து எழும் நீண்ட இழையைச் செல்லே துண்டாக்கிக்கொள்ளும். நான் தொடக்கத்தில் தனித்தனியாகவே செய்வேன். இரண்டும் சேர்ந்த செடி நன்றாக நின்றால் எதனால் நின்றது என்று தெரியாது; குட்டையாகிப் போனாலும் எதனால் என்று தெரியாது.

வழிகாட்டித் தொடரை எழுதும்போது பலர் நிப்பான்பாரே என்ற ஜப்பானிய ரகத்தின் மரபுத்தொகுதியைத்தான் திறந்து வைத்துக்கொள்கிறார்கள். அது 2005-ல் முழுமையாக வாசிக்கப்பட்ட மாதிரி ரகம். நம் ஏடிடி 43-லோ சிஆர் 1009-லோ அந்த 20 எழுத்தில் ஒன்று மாறியிருந்தால், அதுவும் வெட்டும் இடத்துக்கு அருகில் மாறியிருந்தால், மொத்த உழைப்பும் வீண். எந்த விதைப் பையிலிருந்து காலஸ் எடுக்கப்போகிறோமோ அதே பையிலிருந்து நாலு நாற்று முளைக்கவைத்து, குறி இடத்தைப் பெருக்கி வாசித்துவிட்டுத்தான் வழிகாட்டியை வாங்க வேண்டும். சில நூறு ரூபாய் வேலை இது.

கடத்தியைக் கட்டும் முறையில் நான் கோல்டன் கேட் பக்கம். பிஎஸ்ஏ-1 என்ற வெட்டும் நொதியும் லிகேஸ் என்ற ஒட்டும் நொதியும் போதும். துண்டுகள் ஒரே குழாயில் வரிசையாகப் பொருந்திவிடும். கேட்வே முறை எளிதுதான், ஆனால் அதன் நொதிக் கலவையின் விலை ஒரு சிறிய கல்லூரியின் ஆண்டு நிதியைத் தின்றுவிடும். கோல்டன் கேட்டில் ஒன்றை மறக்கக் கூடாது: உள்ளே வைக்கும் துண்டுகளில் பிஎஸ்ஏ-1 வெட்டும் ஆறு எழுத்துத் தொடர் எங்கும் இருக்கக் கூடாது. பார்த்து நீக்காவிட்டால் கட்டக் கட்ட அறுந்துகொண்டே இருக்கும்.

இனி வெளியேற்றுவது. டி-டிஎன்ஏ ஒரே இடத்தில் அமர்ந்த செடியைத் தேர்ந்தெடுத்தால், அதன் விதைகளில் நாலில் ஒன்று டி-டிஎன்ஏ இல்லாமல் வரும். 16 நாற்றுகளைச் சோதித்தால் அப்படி ஒன்றுகூடக் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 1 சதவீதம்தான். அதே டி-டிஎன்ஏ ஒட்டாத இரண்டு இடங்களில் அமர்ந்திருந்தால் பதினாறில் ஒன்றாகிவிடும். அதே உறுதிக்கு 72 நாற்று வேண்டும். முதல் தலைமுறைச் செடியில் பிரதி எண்ணிக்கையைப் பார்க்க மெனக்கெடுவதன் பலன் இங்கே தெரிகிறது. விதை நிலையிலேயே பிரிக்க வேண்டுமானால், டி-டிஎன்ஏவுக்குள் சிவப்பாக ஒளிரும் புரத மரபணு ஒன்றைச் சேர்க்கலாம். ஒளிராத விதையை மட்டும் பொறுக்கி முளைக்கவைத்தால் போதும். என் வடிவமைப்பில் அது நிச்சயம் இருக்கும்.

டிஎன்ஏ சோதனையின் ஜெல்லில் காஸ்9 பட்டை இல்லை என்பதைக் கண்டதும் ஆய்வகத்தில் எழும் மகிழ்ச்சியை நான் அறிவேன். அந்த இடத்தில் நின்றுவிடக் கூடாது. இடது முனையில் அறுந்த துண்டு காஸ்9-ஐ மட்டும் சுமந்திருக்கலாம், வேறொரு துண்டு ஹைக்ரோமைசின் மரபணுவை மட்டும் சுமந்து வேறிடத்தில் அமர்ந்திருக்கலாம். காஸ்9-க்கு இரண்டு இடங்களில், ஹைக்ரோமைசின் மரபணுவுக்கு ஓரிடத்தில், எல்லைக்கு வெளியே உள்ள பின்பகுதிக்கு ஓரிடத்தில் என நான்கு சோதனைகளையும் அதே நாற்றில் செய்துவிட்டு, எஞ்சிய நாலைந்து வரிசைகளுக்கு முழு மரபுத்தொகுதியையும் வாசிக்க வேண்டும். வேண்டாத இடத்தில் வெட்டு விழுந்ததா என்பதும் அப்போதே தெரியும். நன்றாகத் தேர்ந்த வழிகாட்டியாக இருந்தால் அந்தப் பிழைகளைவிடத் திசு வளர்ப்பிலேயே எழும் மாற்றங்கள்தாம் நெல்லில் அதிகம். தாய் ரகத்தோடு ஒருமுறை பின்கலப்பு செய்துகொள்வது அதனால்தான் நல்லது.

இந்தப் பிரிக்கும் வேலையே வேண்டாம் என்று ஒரு வடிவமைப்பு 2018-ல் வந்தது. கடத்திக்குள்ளேயே கொல்லும் மரபணுக்களை வைத்துவிடுவது: டி-டிஎன்ஏ உள்ள மகரந்தத்தையும் கருவையும் அவை அழித்துவிடும், பிழைக்கும் விதை அனைத்தும் சுத்தமானவை. அறிவியலாக அது அருமை. கருவை அழிக்கும் வேலையை அதில் செய்வது பார்னேஸ் என்ற மரபணு. கடுகு வழக்கில் எல்லோரும் கேட்ட அதே பெயர். விதையைக் கொல்லும் மரபணு என்ற சொல் டெல்டாவில் எப்படிக் கேட்கும் என்பது ஊரில் வளர்ந்தவருக்குத் தெரியும். விதையை மலடாக்கும் தொழில்நுட்பத்தை நம் பயிர் ரகச் சட்டமே விலக்கி வைத்திருக்கிறது. இந்த முறையில் உழவர் கைக்குப் போகும் விதையில் அந்த மரபணு இருக்காது என்றாலும், அதை விளக்குவதில் செலவாகும் நம்பிக்கையைவிட 16 நாற்றைச் சோதிப்பது மலிவு. நான் இதை எடுக்க மாட்டேன்.

காப்புரிமைதான் இந்த வழியின் உண்மையான முள். காஸ்9 கடத்திகளை ஆட்ஜீன் போன்ற களஞ்சியங்களிலிருந்து ஆய்வுக்குப் பெறலாம். ஆனால் ஆய்வுக்கு வந்த அனுமதி, விதை விற்பனைக்கு அனுமதி ஆகாது. 2025-ல் வந்த ரகங்களைப் பற்றியும் உழவர் அமைப்புகள் இந்தக் கேள்வியை எழுப்பின, எழுப்பியது நியாயம். கட்டாக்கில் உள்ள தேசிய நெல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் டிஎன்பிபி என்ற மிகச் சிறிய வெட்டும் புரதம் நெல்லில் இயங்குவதை 2024-ல் காட்டியிருக்கிறார்கள். காஸ்9-ல் 1,368 அமினோ அமிலங்கள், இதில் 408 மட்டும். கடத்தி சிறிதாகும், உரிமையும் நம் நாட்டுக்குள் இருக்கும். அது வெட்டுவதற்கு அருகில் இருக்க வேண்டிய குறித்தொடர் நீளமானது என்பதால் குறி இடங்கள் குறைவு. டிஎஸ்டியிலோ ஓஎஸ்ஆர்ஆர்22-லோ பொருத்தமான இடம் கிடைத்தால், காஸ்9 வரிசையோடு கூடவே டிஎன்பிபி வரிசை ஒன்றையும் தொடங்கிவிட வேண்டும்.

கடத்தியே இல்லாமல்

நேர்மையான ஒப்பீட்டில் இந்த வழியும் இடம்பெற வேண்டும். வெள்ளத்தில் மூழ்கினாலும் பிழைக்கும் சிஆர் 1009 சப்1 டெல்டாவில் விளைகிறது. அதில் எந்தக் கடத்தியும் இல்லை. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ நெல்லில் இருந்த சப்1 பகுதியை டிஎன்ஏ அடையாளங்களின் உதவியோடு கலப்பு செய்தே கொண்டுவந்தார்கள். உப்புக்கும் கேரளத்துப் பொக்காளியின் சால்டோல் பகுதியைச் சுமக்கும் எஃப்எல் 478 இருக்கிறது. களர்பாலை, குழியடிச்சான் போன்ற நம் ரகங்களும் இருக்கின்றன. இந்தப் பாதையில் மரபணு மாற்றத்துக்கான எந்த அனுமதியும் தேவையில்லை, எந்தக் காப்புரிமையும் குறுக்கே நிற்காது. ஐந்தாறு தலைமுறைப் பின்கலப்பும், வேண்டாத குணங்கள் ஒட்டிக்கொண்டு வருவதும்தான் தடை. சால்டோல் பெரும்பாலும் நாற்றுப் பருவத்தில் கைகொடுக்கிறது. தை மாதத்தில் பூக்கும் பயிருக்கு அது மட்டும் போதாது என்பதால்தான் திருத்தத்தை நாடுகிறேன். மூழ்கல் பிரச்சினைக்குக் கடத்தி வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டால், வேண்டாம், கலப்பு செய்யுங்கள் என்றே சொல்வேன்.

திருவையாற்றிலும் திருச்சிப் பக்கமும் வாழை எடுத்துச் செய்ய நினைப்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. வாழை பக்கக்கன்றில் பெருகும். பூவன், ரஸ்தாளி, கிராண்ட் நைன் எதிலும் விதையில்லை. விதையில்லாத பயிரில் நாலில் ஒன்று பிரிந்து வரப்போவதில்லை. ஒருமுறை உள்ளே போன டி-டிஎன்ஏ கன்றுக்குக் கன்று தொடரும். 2024-ல் ஆஸ்திரேலியா அனுமதித்த, வாடல் நோயைத் தாங்கும் கேவண்டிஷ் வாழையும் உள்ளே செலுத்திய டி-டிஎன்ஏவைச் சுமக்கும் ரகம்தான். வாழையில் சுத்தமான திருத்தம் வேண்டுமானால் காஸ்9-ஐப் புரதமாகவே ஆர்என்ஏவோடு சேர்த்துச் செல்லுக்குள் செலுத்த வேண்டும், அல்லது வேலை முடிந்ததும் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும் கிரே-லாக்ஸ் கடத்தி வேண்டும். நெல்லுக்கு நான் தள்ளிவைத்த முறை வாழைக்கு முதல் தேர்வாகிவிடுகிறது.

நெல்லுக்குத் திரும்பினால், முடிவை மாற்றவைக்கக்கூடியது ஒன்றுதான்: ரகம். கடத்தி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் காலஸ் செடியாகாவிட்டால் பயனில்லை. ஏஎஸ்டி 16-லும் ஏடிடி 43-லும் அக்ரோபாக்டீரியம் வழியே மாற்றம் செய்திருக்கிறார்கள். சிஆர் 1009 போன்ற நீண்டகாலச் சம்பா ரகங்களில் காலஸ் சீக்கிரம் பழுப்பாகிச் சோர்ந்துவிடும். ஆகவே கடத்தியைக் கட்டத் தொடங்கும் அதே வாரத்தில், மூன்று ரகங்களின் விதையை 2,4-டி என்ற வளர்ச்சி ஊக்கி சேர்த்த ஊடகத்தில் போட்டு, எது செடி வரை வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். ஏடிடி 43 நன்றாக வந்தால் திருத்தத்தை அதில் செய்து, பிறகு கலப்பு வழியே சம்பா ரகத்துக்கு எடுத்துப் போகலாம். திருத்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்பது தெரியும் என்பதால் அதைத் தொடர்வது எளிது. மூன்றுமே வராவிட்டால் அந்த ஆண்டுக் குறுவையிலேயே எஃப்எல் 478-ஐத் தந்தையாக வைத்துக் கலப்பைத் தொடங்கிவிட வேண்டும், கடத்தி உறைபெட்டியில் காத்திருக்கட்டும். ஊருக்குப் போனால் பெரியவர்கள், "தம்பி, இந்த நெல்லை அடுத்த பட்டத்துக்கு எடுத்து வைக்கலாமா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். தாராளமாக என்று சொல்ல முடிகிற வழி எதுவோ, அந்த ஆண்டு அதற்கே முதல் நிதியைக் கொடுங்கள்.